அண்டத்தின் ஒளியில் யார் பங்கு எவ்வளவு?

2002-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளேஸ்புரூக், ஐவன் பால்ட்ரி என்ற இரு வானியலாளர்கள் பேரண்டத்தின் நிறம் இதுதான் என்று அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில் உள்ள தொலைநோக்கி ஒன்றால் திரட்டப்பட்ட 2,00,000-க்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் நிறமாலைகளை ஒன்றாகக் கூட்டி, அந்த மொத்த ஒளியும் ஒரே இடத்தில் குவிந்தால் மனிதக் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். முதலில் வந்த விடை பச்சை கலந்த வெளிர்நீலம். எதை வெண்மை என்று கொள்வது என்பதில் மென்பொருள் செய்த பிழை பின்னர் தெரியவந்தது. மார்ச் மாதம் விடையைத் திருத்தினார்கள்: வெண்மைக்கு மிக அருகில் நிற்கும் வெளிறிய பழுப்பு. 'காஸ்மிக் லாட்டே' என்ற செல்லப்பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழுப்பு ஒரு கூட்டல் விடை. இளம் விண்மீன்களின் நீலமும் கிழட்டு விண்மீன்களின் சிவப்பும் கலந்து வந்தது. எந்தக் கூட்டலிலும் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. 1926-இல் எட்வின் ஹபிள் கேலக்ஸிகளை உருவத்தை வைத்து நீள்வட்டம், சுருள், ஒழுங்கற்றவை என்று பிரித்தார். அந்தப் பிரிவினை இன்றும் வழக்கில் இருக்கிறது. அதோடு அளவும் சேர்ந்துகொள்கிறது: சில லட்சம் சூரியன்களின் ஒளி மட்டுமே கொண்ட குள்ள கேலக்ஸிகளும் உண்டு, லட்சம் கோடி சூரியன்களை நெருங்கும் பூதங்களும் உண்டு. இந்தக் கூட்டத்தில் பேரண்டத்தின் ஒளிக்கு அதிகம் கொடுத்தவர் யார்? எண்ணிக்கையில் மிகுந்த குள்ளர்கள் என்று ஒருவர் சொல்லலாம். தனியாகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் பூதங்கள் என்று இன்னொருவர் சொல்லலாம். சான்றுகள் இருவரையும் ஆதரிக்கவில்லை. ஒளியின் பெரும்பங்கு நம் பால்வீதியைப் போன்ற நடுத்தர கேலக்ஸிகளிடமிருந்து வந்தது. அதிலும் வாயுவும் தூசும் நிறைந்து, தொடர்ந்து விண்மீன்களைப் பெற்றெடுத்துக்கொண்டிருந்த வட்டத்தட்டு கேலக்ஸிகளிடமிருந்து வந்தது. அவை தந்ததில் ஏறத்தாழப் பாதி நம் கண்ணுக்குத் தெரியாத வடிவில் வந்தது என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கணக்கின் அடிப்படையை 1976-இல் பால் ஷெக்டர் ஒரு சூத்திரத்தில் அடக்கினார். ஒளி குறையக் குறைய அந்த அளவு கேலக்ஸிகளின் எண்ணிக்கை மெல்லக் கூடிக்கொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட ஒளியளவைத் தாண்டி மேலே போனால் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிடும். அந்த முட்டி போன்ற திருப்பம் ஏறக்குறைய பால்வீதியின் ஒளியளவில் அமைகிறது. இதில் உயிர்நாடி 'மெல்ல' என்ற சொல்தான். கோயில் உண்டியலைத் திறந்து கொட்டி எண்ணுகிறவர்களுக்கு இது பழக்கமான சங்கதி: குவியலில் கண்ணில் படுவதெல்லாம் சில்லறை, எப்போதாவது ஒரு தங்கச் சங்கிலி அகப்படும், ஆனால் வங்கிக்குப் போகும் தொகையைத் தீர்மானிப்பவை நூறு, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அருகாமைப் பேரண்டத்துக்குப் பொருந்தும் சரிவு எண் ஏறத்தாழ -1.2. அதன்படி ஒளி 10 மடங்கு குறைந்த படிக்கு இறங்கினால் கேலக்ஸிகளின் எண்ணிக்கை சுமார் 1.6 மடங்குதான் கூடுகிறது. ஒவ்வொன்றின் ஒளியும் பத்தில் ஒன்றாகச் சுருங்க, தலைகளின் எண்ணிக்கை இரட்டிக்கக்கூட இல்லை. ஆகவே ஒவ்வொரு படிக்கும் மொத்த ஒளி ஆறில் ஒரு பங்காகக் கரைந்துகொண்டே போகிறது. முட்டியில் நிற்கும் கேலக்ஸியை அளவுகோலாக வைத்து, அதில் லட்சத்தில் ஒரு பங்கு ஒளி உள்ளவை வரை எண்ணினால், பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத சிறியவை தலைக்கணக்கில் சுமார் 95 சதவீதம். ஒளிக்கணக்கில் அவற்றின் பங்கு சுமார் 16 சதவீதம்தான். மறுபக்கம், அளவுகோலைப் போல 3 மடங்குக்கு மேல் ஒளிரும் பெரியவை தருவது சுமார் 3 சதவீதம். மீதி ஏறத்தாழ 80 சதவீதமும் நடுவில் நிற்பவர்களுடையது.

சூத்திரத்தை நம்பத் தயங்குகிறவர்கள் நம் அக்கம்பக்கத்தையே பார்க்கலாம். பால்வீதி இருக்கும் உள்ளூர்க் குழுவில் எண்பதுக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் தெரியவந்துள்ளன. பால்வீதியின் ஒளி இரண்டாயிரம் கோடி சூரியன்களுக்குக் குறையாது. ஆண்ட்ரோமீடா அதைவிடச் சற்றுக் கூடுதல். மூன்றாம் இடத்தில் இருக்கும் முக்கோண கேலக்ஸியும், அடுத்து வரும் பெரிய மெகல்லன் மேகமும் பால்வீதியின் ஒளியில் தலைக்குப் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கின்றன. அதற்குப் பிறகு இறக்கம் செங்குத்தாகிவிடுகிறது. டிராகோ விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கும் குள்ள கேலக்ஸிக்குச் சில லட்சம் சூரியன்களின் ஒளிதான். அப்படி ஒரு லட்சம் டிராகோக்கள் சேர்ந்தால்தான் ஒரு பால்வீதிக்கு ஈடாகும். இருப்பவையோ சில டஜன். எண்பது சொச்சம் உறுப்பினர்கள் கொண்ட குழுவின் ஒளியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை இரண்டே இரண்டு சுருள் கேலக்ஸிகள் கொடுக்கின்றன. அந்த இரண்டும் பேரண்டத்தில் அபூர்வமானவை அல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். இதே தரத்தில் கோடிக்கணக்கான கேலக்ஸிகள் இருக்கின்றன. அதனால்தான் உள்ளூர்க் கணக்கு பேரண்டக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இந்த இடத்தில் வலுவான ஓர் ஆட்சேபம் எழும். 2016-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கான்செலிஸும் அவருடைய குழுவினரும், காணக்கூடிய பேரண்டத்தில் 2 லட்சம் கோடி கேலக்ஸிகள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதுவரை எண்ணியிருந்ததைப்போல 10 மடங்கு. அவற்றில் பத்தில் ஒன்பது இன்றைய தொலைநோக்கிகளுக்கு எட்டாதவை. இத்தனை கேலக்ஸிகளை விட்டுவிட்டு ஒளிக்குப் பங்கு பிரிப்பது நியாயமா? அந்த மதிப்பீட்டில் கூடியிருக்கும் தலைகள் பெரும்பாலும் பேரண்டத்தின் இளமைக்காலத்துச் சிறு கேலக்ஸிகள். பின்னால் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரியவற்றுக்குள் கரைந்துபோனவை. அவை இருந்தன என்று ஒப்புக்கொள்வதால் ஒளிக்கணக்கு 10 மடங்காகிவிடாது. ஆனாலும் இந்த ஆட்சேபத்தைத் தர்க்கத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது. காணாத கேலக்ஸிகள் கணிசமான ஒளியை வெளியிட்டிருந்தால், அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாவிட்டாலும், அந்த ஒளி வானத்தின் பின்புலத்தில் கலந்து வந்தே தீரும். வானத்தின் மொத்த ஒளியை அளந்து, தெரிந்த கேலக்ஸிகளின் ஒளியைக் கழித்து, மிச்சம் உண்டா என்று பார்க்கவேண்டும்.

அதே ஆட்சேபம் வேறு வடிவிலும் உண்டு. மைக் டிஸ்னி 1976-லேயே எச்சரித்தார்: பரவலாக விரிந்து, ஒவ்வொரு சிறு பகுதியிலும் மங்கலாக ஒளிரும் கேலக்ஸிகள், இரவு வானத்தின் சொந்த வெளிச்சத்துக்குள் மூழ்கி நம் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். அவர் சொன்னது பலித்தது. 1980-களில் மாலின் 1 அகப்பட்டது. பால்வீதியைவிடப் பல மடங்கு அகலமான வட்டத்தட்டு, ஆனால் புகைப்படத்தில் இருப்பதே தெரியாத அளவு மங்கல். 2015-இல் டிராகன்ஃபிளை என்ற கருவி கோமா கேலக்ஸிக் கொத்தில் 47 'மிகப் பரவலான' கேலக்ஸிகளைக் கண்டது. விலைக்குக் கிடைக்கும் டெலிபோட்டோ லென்சுகளை அடுக்கிச் செய்த கருவி அது என்பது இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்த கேலக்ஸிகள் அகலத்தில் பால்வீதியோடு போட்டி போடும். விண்மீன்களின் எண்ணிக்கையில் நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்றுதான். மறைந்திருக்கும் கேலக்ஸிகள் உண்டு என்பது உறுதியாகிவிட்டது. அவை ஒளிக்கணக்கைப் புரட்டிப்போடுமா என்பது தனிக் கேள்வி.

அதற்கும் விடை முன்பு சொன்ன கழித்தலில்தான் இருக்கிறது. பூமியிலிருந்து அதைச் செய்வது மிகக் கடினம். சூரியக் குடும்பத்தின் உட்பகுதியில் மிதக்கும் தூசு சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. அந்தச் சிதறல் கேலக்ஸிகளின் கூட்டு ஒளியைவிடப் பல மடங்கு பிரகாசமானது. ஹபிள் தொலைநோக்கிகூட அதற்குள்தான் சுற்றுகிறது. இதிலிருந்து தப்பிய கருவி நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் இருக்கிறது. 2006-இல் புறப்பட்டு 2015-இல் புளூட்டோவைக் கடந்த அந்த விண்கலம், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல ஐம்பது மடங்குக்கும் அப்பால் போய்விட்டது. அங்கே தூசின் தொல்லை இல்லை. 20.8 சென்டிமீட்டர் விட்டமுள்ள அதன் லோரி என்ற சிறு தொலைநோக்கி, பிரகாசமான எதுவும் இல்லாத வானப் பகுதிகளைப் பார்த்து வெறுமையின் வெளிச்சத்தை அளந்தது. 2021-லும் 2022-லும் வெளிவந்த முதல் முடிவுகள் பரபரப்பூட்டின. தெரிந்த கேலக்ஸிகள் தரவேண்டியதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஒளி இருப்பதாக அவை சொல்லின. மறைந்திருக்கும் கேலக்ஸிகளின் பட்டாளம் ஒன்று அகப்பட்டுவிட்டதோ என்று தோன்றியது. ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. பால்வீதியின் சொந்தத் தூசு எதிரொளிக்கும் விண்மீன் ஒளியை இன்னும் கவனமாக அளந்து கழித்து, புதிதாகத் தேர்ந்தெடுத்த பகுதிகளில் மறுபடி பார்த்தார்கள். 2024-இல் வந்த முடிவு இது: பின்புல ஒளி சதுர மீட்டருக்கு, ஸ்டெரேடியன் என்ற வானக் கோண அலகுக்கு, 11.16 நானோவாட், ±1.65. கேலக்ஸிகளை எண்ணிக் கூட்டினால் வரவேண்டியது 8.17, ±1.18. இரண்டின் பிழை வரம்புகளையும் சேர்த்துப் பார்த்தால், உறுதியான மிச்சம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல இடமில்லை. மறைந்திருக்கும் கேலக்ஸிகளுக்கு ஒளிக்கணக்கில் ஒதுக்கக்கூடிய இடம் மிகச் சிறியது.

ஒரே கருவியின் சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பவர்களுக்கு, இதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வழியிலும் சாட்சி இருக்கிறது. பிளேசர்கள் என்பவை நம்மை நோக்கிக் காமா கதிர்களைப் பாய்ச்சும் கருந்துளைகள். வரும் வழியில் அதிக ஆற்றலுள்ள காமா ஃபோட்டான் ஒன்று சாதாரண விண்மீன் ஒளியின் ஃபோட்டான் ஒன்றோடு மோதினால், இரண்டும் மறைந்து எலெக்ட்ரானும் பாசிட்ரானும் பிறக்கும். ஆகவே வழியெங்கும் பழைய விண்மீன் ஒளி எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் காமா கதிர்கள் குறைந்து வரும். நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் 2006-இல் இரண்டு பிளேசர்களை வைத்து, பின்புல ஒளி கேலக்ஸி எண்ணிக்கை சொல்லும் அளவைவிட அதிகம் கூட முடியாது என்று காட்டின. 2018-இல் ஃபெர்மி விண்கலக் குழு 739 பிளேசர்களையும் ஒரு காமா வெடிப்பையும் சேர்த்து ஆராய்ந்து, பேரண்டத்தின் விண்மீன்கள் இதுவரை வெளியிட்ட ஃபோட்டான்கள் சுமார் 4-க்குப் பின்னால் 84 சுழிகள் என்று மதிப்பிட்டது. இந்த முறையில் யாரும் கேலக்ஸிகளை எண்ணவில்லை. எந்த கேலக்ஸி கண்ணுக்குத் தெரிந்தது, எது தப்பியது என்ற கேள்விக்கே இங்கே வேலையில்லை. அப்படியிருந்தும் விடை எண்ணிக் கூட்டிய கணக்கோடு ஒட்டியே வருகிறது.

அளவுப் பிரச்சினை இப்படித் தீர்ந்தாலும் உருவப் பிரச்சினை பாக்கி. நடுத்தர கேலக்ஸிகளில் நீள்வட்டமும் உண்டு, சுருளும் உண்டு. அருகாமைப் பேரண்டத்தில் விண்மீன்களின் நிறையைக் கணக்கிட்டால், பாதிக்கு மேல் நீள்வட்ட கேலக்ஸிகளிலும் சுருள்களின் நடுவே உள்ள புடைப்புகளிலும் இருக்கிறது. நிறை அங்கே இருந்தால் ஒளியும் அங்கிருந்துதானே வரவேண்டும் என்று கேட்கலாம். விண்மீனின் இயற்கை அப்படியில்லை. சூரியனைப்போல 20 மடங்கு நிறையுள்ள ஒரு விண்மீன் சூரியனைப்போல பல பத்தாயிரம் மடங்கு ஒளிர்ந்து, சுமார் ஒரு கோடி ஆண்டுகளில் எரிந்து முடிந்துவிடுகிறது. சூரியன் ஆயிரம் கோடி ஆண்டுகள் வாழும். ஆகவே புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டே இருக்கும் இடத்தில்தான் நீலமும் புற ஊதாவும் இருக்கும். கன்னி கேலக்ஸிக் கொத்தின் நடுவில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் எம்87 மாபெரும் நீள்வட்ட கேலக்ஸி. அதன் நிறை பால்வீதியை எங்கோ பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் அதன் விண்மீன்கள் பெரும்பாலும் மூத்தவை. விண்மீன் செய்யும் குளிர்ந்த வாயு அங்கே சொற்பம். நிறைக்கு நிறை பார்த்தால் அது தரும் ஒளி ஒரு சுருளின் ஒளிக்கு முன் நிற்காது. நீண்ட அலைநீளமுள்ள சிவப்பிலும் அண்மை அகச்சிவப்பிலும் மட்டும் நீள்வட்டங்களின் பங்கு பெரியது. 'காஸ்மிக் லாட்டே'யின் பழுப்பில் சிவப்புப் பக்கத்தை அவை தாங்குகின்றன. ஆற்றல் மிகுந்த நீலப் பக்கம் சுருள்களுடையது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் ஒளி. எனக்கு இந்த விஷயத்திலேயே மிக முக்கியமாகப் படுவது கண்ணுக்குத் தெரியாத பாதி. ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்தின் திசையில் என்ஜிசி 891 என்ற சுருள் கேலக்ஸி நமக்குப் பக்கவாட்டாகத் தெரிகிறது. அதன் படத்தைப் பார்த்தால், ஒளிரும் தட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு கருங்கோடு ஓடுவது தெரியும். அங்கே விண்மீன் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. விண்மீன்கள் அதிகம் பிறக்கும் இடமே அதுதான். கார்பனும் சிலிக்கேட்டும் கொண்ட, மைக்ரான் அளவுக்கும் குறைந்த துகள்கள் அந்த ஒளியை விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய ஆற்றல் எங்கும் போய்விடாது. துகள்கள் சில பத்து கெல்வின் வரை சூடாகி, அதையே தொலை அகச்சிவப்பில் திருப்பி விடுகின்றன. 1983-இல் ஐராஸ் விண்கலம் முதன்முதலாக வானம் முழுவதையும் இந்த ஒளியில் வரைந்தபோது, ஆர்ப் 220 போன்றவற்றின் உண்மை முகம் தெரிந்தது. இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொண்டிருக்கும் அந்த இடம் சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சாதாரணத் தொலைநோக்கியில் குழம்பிய ஒரு மங்கல் திட்டு. அகச்சிவப்பில் லட்சம் கோடி சூரியன்களுக்கு மேல் பிரகாசம். அது வெளியிடும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அகச்சிவப்பாகவே வருகிறது. 1989-இல் ஏவப்பட்ட கோபே விண்கலத்தின் தரவுகளிலிருந்து 1996-க்கும் 1998-க்கும் இடையில் பேரண்டம் முழுவதின் அகச்சிவப்புப் பின்புலம் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கில் நேரடி விண்மீன் ஒளியின் பின்புலம் எல்லா அலைநீளங்களையும் கூட்டினால், முன்பு சொன்ன அதே அலகில், சுமார் 24 நானோவாட். தூசு திருப்பித் தந்த பின்புலமும் ஏறத்தாழ அதே அளவு. பிறந்த ஒளியில் பாதியைத் தூசு உருமாற்றிவிட்டது.

இதில் ஒரு புதிர் உண்டு. நம்மைச் சுற்றியுள்ள இன்றைய கேலக்ஸிகளில் அகச்சிவப்பு ஒளி, நேரடி ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கிறது. பேரண்டத்தின் மொத்தச் சேமிப்பிலோ இரண்டும் சரிசமம். அப்படியானால் பழைய கேலக்ஸிகள் இப்போதையவற்றைவிட அதிகம் தூசு மண்டியவையாக இருந்திருக்கவேண்டும். அளவீடுகள் அதைத்தான் காட்டுகின்றன. விண்மீன் பிறப்பு சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது. அதன் பின் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஹவாயில் உள்ள மௌனா கியா மலையில் ஸ்கூபா என்ற கருவி 1997-98-இல் தூசுக்குள் புதைந்த தொலைதூர கேலக்ஸிகளைக் கண்டபோது, அந்த உச்சக்காலத்தின் ஒளியெல்லாம் ஆர்ப் 220 போன்ற பயங்கர மோதல்களில் பிறந்தது என்ற எண்ணம் வலுத்தது. அது உண்மையானால் என் வாதம் உடைந்துவிடும். நடுத்தர கேலக்ஸிகளுக்குப் பதில், அசாதாரணமான சில மோதல்கள்தான் ஒளியின் மூலம் என்றாகிவிடும். 2009-இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்கலத்தின் தரவுகள் இதற்குப் பதில் சொல்லிவிட்டன. உச்சக்காலத்திலும் பெரும்பாலான கேலக்ஸிகள் தங்கள் நிறைக்கேற்ற சீரான வேகத்திலேயே விண்மீன்களைப் பெற்றன. திடீர் வெடிப்பாகப் பெற்றவற்றின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே இருந்தது. அன்றைய சாதாரண கேலக்ஸியின் சாதாரண வேகம் இன்றையதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதுதான் வித்தியாசம். அப்போது ஒரு வட்டத்தட்டு கேலக்ஸியின் பொருளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வாயு இருந்தது. மோதல் தேவைப்படவில்லை, கையிருப்பே போதுமாக இருந்தது.

குவாசர்களை விட்டுவிட்டோமே என்று சிலர் கேட்கக்கூடும். 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் தூரம் கண்டுபிடித்த 3சி 273 என்ற குவாசர், பால்வீதியைப்போல நூறு மடங்குக்கு மேல் ஒளிரும் கருந்துளை. ஆனால் குவாசர்கள் மிக அபூர்வம். ஒளிரும் காலமும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பின்புலத்தில் கருந்துளைகளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழேதான். அவற்றின் ஆட்சி எக்ஸ் கதிர்களில் நடக்கிறது. 1962-இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் ராக்கெட் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்ப் பின்புலம் பெரும்பாலும் அவற்றுடையதே. அந்தப் பின்புலம் முழுவதையும் சேர்த்தாலும் விண்மீன் ஒளியின் ஆற்றலில் ஒரு சதவீதத்தை எட்டாது.

குள்ளர்களுக்கு ஒரு காலத்தில் நிஜமாகவே முதலிடம் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பேரண்டம் பிறந்து முதல் நூறு கோடி ஆண்டுகளுக்குள், கேலக்ஸிகளின் சரிவு எண் -2-ஐ ஒட்டி இருந்தது. அந்தச் சரிவில் ஒளி 10 மடங்கு குறைந்தால் எண்ணிக்கை 10 மடங்கு கூடும். எல்லாப் படிகளும் சமமாக ஒளி தரும். அந்தக் காலத்தில்தான் வெளியில் நிறைந்திருந்த ஹைட்ரஜன் புற ஊதாவால் மறுபடி அயனியாக்கப்பட்டது. 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு உருப்பெருக்கலைத் துணைக்கொண்டு, அந்த யுகத்தின் மிக மங்கலான 8 கேலக்ஸிகளின் நிறமாலையைப் பதிவுசெய்தது. எதிர்பார்த்ததைப்போல 4 மடங்கு அயனியாக்கும் ஒளியை அவை வெளியிட்டன. அந்த வேலையைச் செய்து முடித்தது சிறியவர்கள்தான் என்று சொல்ல இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. மொத்த ஒளிச் சேமிப்பில் மட்டும் அது சின்னத் தொகை. அந்தக் காலம் குறுகியது. தவிர, பேரண்டம் விரிந்ததால் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் ஏழெட்டு மடங்கு குன்றிவிட்டது. இன்று இருக்கும் விண்மீன் நிறையில் பாதி சுமார் 900 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது என்றாலும், முதல் நூறு கோடி ஆண்டுகளில் உருவானது மிகச் சொற்பம்.

இன்னும் தீராத ஒரு வழக்கு உண்டு. மோதல்களில் கேலக்ஸிகளிலிருந்து பிய்த்தெறியப்பட்ட விண்மீன்கள் வெட்டவெளியில் அலைகின்றன. கேலக்ஸிக் கொத்துகளில் அவற்றின் ஒளி பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். 2014-இல் சைபர் என்ற ராக்கெட் ஆய்வு, அண்மை அகச்சிவப்பில் இந்த அநாதை ஒளி கேலக்ஸிகளின் ஒளிக்கு நிகராகவே இருக்கலாம் என்று அறிவித்தது. நியூ ஹொரைசன்ஸின் 2024 முடிவு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதற்கு அதிகம் இடம் தரவில்லை. எப்படியானாலும் அந்த விண்மீன்களும் கேலக்ஸிகளில் பிறந்தவைதான், நடுத்தர கேலக்ஸிகளிலிருந்து கிழிந்து வந்தவைதான் அவற்றில் கணிசம். பங்கு கேட்பவர்களின் பட்டியலில் புதிய குடும்பம் ஒன்று இதனால் சேரவில்லை.

இந்தக் கணக்கு நிலையாக நிற்பதும் இல்லை. சைமன் டிரைவர் தலைமையிலான காமா (GAMA) என்ற கேலக்ஸிக் கணக்கெடுப்புக் குழு 2,00,000-க்கும் மேற்பட்ட கேலக்ஸிகளை 21 அலைநீளங்களில் அளந்து, அவை வெளியிடும் ஆற்றல் கடந்த 200 கோடி ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று 2015-இல் காட்டியது. வாயு தீர்ந்த வட்டத்தட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. பால்வீதியும் ஆண்ட்ரோமீடாவும் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவிலுள்ள அந்த மாறுதல் நிலையை ஏற்கெனவே எட்டிவிட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். 2025 மார்ச்சில் ஏவப்பட்ட ஸ்ஃபியரெக்ஸ் விண்கலம் 6 மாதத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் 102 நிறங்களில் வரைகிறது. கேலக்ஸிகளைத் தனித்தனியாக எண்ணாமல் வானத்தின் மொத்த ஒளியின் ஏற்ற இறக்கங்களை அளப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அந்த வரைபடங்கள் அலையும் விண்மீன்களின் பங்கைச் சற்றுக் கூட்டிக் காட்டலாம்; முதல் யுகத்துக் குள்ளர்களின் பங்கையும் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் பால்வீதியைப் போன்ற நடுத்தர கேலக்ஸிகளை முதலிடத்திலிருந்து இறக்கும் அளவுக்கு எதையும் அவை கண்டுபிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.